பாட்டு போடாத காதுகுத்து

எப்போது பார்த்தாலும் கத்திக்கொண்டே இருந்த என் அண்ணனுக்கு,

மணவாள நகரில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உன் சட்டைகளைத் தொட மட்டும் யாரையும் விடமாட்டேன் என்கிறாள். நம் வீடியோக்காரர்கள் சங்கத்து மலரில் போட உன்னைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் ஷிப்ட் வேலை. அங்கேயே வாடகை வீடு. முகூர்த்த நாளில் லீவு போட்டுவிட்டுக் கல்யாணம் எடுப்பாய். டேப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, ரயில் மாறி இங்கே வருவாய். நான் நம் வீட்டு முன்னறையில் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டு போட்டுத் தருவேன்.

நமக்குள் சண்டையென்றால் அது உன் குரலால்தான். உலை இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. தாலி கட்டும் இடத்தில் மட்டும் அசல் சத்தத்தை விடுவோம். அங்கே நாதஸ்வரத்தையும் மீறி நீதான் கேட்பாய். "யோவ் மாமா, குனிய்யா, பொண்ணு மூஞ்சி மறைக்குது!" ஒரு தடவை பெண் வீட்டார் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோபத்தில் ஒரு பழைய இயர்போன் வயரை வெட்டி, நுனியில் இருந்த பின்னை மட்டும் உன் கையில் கொடுத்தேன்.

"இத மைக் ஓட்டையில சொருகிக்கோ. கேமரா காத பொத்திக்கும். தாலி கட்டுற இடத்துக்கும் நான் கேசட்டு மேளம் போட்டுக்கறேன்."

நீ சிரித்தாய். "என் வாய அடைக்க இன்னா ஐடியா பண்ணிக்கீறா பாரும்மா" என்று அம்மாவிடம் சொன்னாய். பின்னைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு ஆறு வருஷம் நீ எடுத்த அத்தனை கல்யாணமும் ஊமைதான்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தாறு சாகிற வயசா அண்ணா?

போன மாதம் அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பத்மா, போட்டோவப் பாத்தா பாப்பா அப்பான்னு சொல்லுது. குரல்தான் அதுக்கு மறந்தே பூட்ச்சு. எனக்கும் கொஞ்சம் கொஞ்சமா மறக்குது, பயமா கீது. உங்கிட்ட அவ்ளோ டேப்பு கீதே. ஒரு வார்த்தையாவது எடுத்துக் குடேன்."

அந்தக் குரலை அடைத்தவளே நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? பார்க்கிறேன் அண்ணி என்றேன்.

ஒரு வாரம் வேறு வேலை தொடவில்லை. பின்னைச் சொருக நீ எங்கேயாவது மறந்திருக்க மாட்டாயா என்று பீரோவில் இருந்த டேப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஒலியைக் காட்டுகிற கோடு, தண்ணீர் ஊற்றித் துடைத்த தரை மாதிரி தட்டையாகவே போனது. எத்தனை விஷயத்தில் என் பேச்சைத் தட்டியிருக்கிறாய். இதில் மட்டும் ஒரு நாள்கூட மறக்காமல் இருந்திருக்கிறாய், பாவி.

கடைசியாக மிஞ்சியது பாப்பாவின் காதுகுத்து. உன் கேமரா ரிப்பேருக்குப் போயிருந்ததால், கூட வேலை பார்க்கிற ராஜேந்திரன் அண்ணனின் புது கேமராவை இரவல் வாங்கி எடுத்தாயே, அது. டேப் இல்லாத கேமரா, உள்ளேயே பதிந்துகொள்ளும் என்று பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தாய். பார்ட்டி டிவிடி வாங்கிப் போனதும் கம்ப்யூட்டரில் ஏற்றியதை அழித்துவிடுவது நம் வழக்கம். இது நம் பாப்பா என்பதால் அழிக்க மனசு வரவில்லை. அன்றைக்கு இதை ஏற்றியபோதும் சத்தம் வரவில்லை. அண்ணன் சமர்த்தாகப் பின் சொருகியிருக்கிறான் என்று நினைத்து, நேராகப் பாட்டு போட்டுவிட்டேன்.

இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். கீழே கோடே இல்லை. பின் சொருகினால் தட்டையாகவாவது ஒரு கோடு வரும். இதில் படம் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சொருகினேன். சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். கோடு வரவில்லை. ராஜேந்திரன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க கேமராவுல மைக் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கும்?"

"மைக் ஓட்டையா? அதுல அதெல்லாம் கெடையாதும்மா. உங்க அண்ணன்கூட ஒரு பின்ன கையில வச்சிக்கினு தேடுனாரு. இல்லன்னதும், இன்னிக்கி என் தங்கச்சி கையில மாட்டுனேன்னு சிரிச்சாரு."

அப்படியென்றால் சத்தம் உள்ளேதான் இருக்கிறது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவரே, "எனக்கும் மொதல்ல அப்படித்தான் பேஜாராச்சு. அந்தக் கேமரா பதியிற சத்தம் வேற மாதிரி, எல்லா கம்ப்யூட்டருக்கும் புரியாது. கூட ஒரு சிடி குடுத்தாங்க, அத ஏத்துனா வந்துரும்" என்றார். மறுநாளே தன் மகளிடம் கொடுத்தனுப்பினார்.

ஏற்றினேன். கோடு வந்தது, மேலும் கீழுமாக, மலைமலையாக. ஸ்பீக்கரைத் திறந்ததும் நீ.

அண்ணியின் அண்ணன் மடியில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். "மச்சான், மண்டைய ஆட்டாத. ஆசாரி, கொஞ்சம் இரு, வெளிச்சம் வரட்டும்." ஊசி இறங்கியதும் பாப்பா வீறிட்டாள். படம் கொஞ்சம் ஆடியது. அப்புறம் உன் குரல் கிட்டத்தில், கத்தாமல், எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி வந்தது.

"பத்மா, பாப்பா அழுவுறத வெட்டிடாத. பாட்டும் போடாத. நாளைக்கு அவ கல்யாணத்துல இத அப்படியே போட்டுக் காட்டணும். அப்பன் எப்படிக் கத்திக்கினு கெடந்தான்னு அவ கேக்கட்டும். உன்ன நம்பித்தான் சொல்றேன்."

வெட்டிவிட்டேனே அண்ணா. சரியாக அந்த இடத்தைத்தான் வெட்டினேன். அங்கே தாலாட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டு, பாப்பா சிரிக்கிற போட்டோவை ஒட்டினேன்.

நீ வந்து டிவிடியைப் போட்டுப் பார்த்தாய். "அழுத இடத்த தூக்கிட்டியா?" என்றாய். "அழுகைய யாரு உக்காந்து பாப்பாங்க?" என்றேன், டீ ஆற்றிக்கொண்டே. "அதுவும் சரிதான், பாட்டு நல்லாத்தான் கீது" என்றாய். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாய். ஊரையே அதட்டுகிறவன், ஏன் அன்றைக்கு என்னை மட்டும் அதட்டவில்லை? நான் கேட்டும் வேண்டுமென்றே வெட்டினேன் என்று நினைத்தாயா? அந்த நினைப்போடுதான் போனாயா?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். என் நமஸ்காரம் இதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அம்மாவும் வந்து நின்றாள். படத்தில் நீ அண்ணியைப் பார்த்து, "ஏய், முந்தானைய ஒதுக்கு, கொழந்த மறையுது" என்று கத்தினாய். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணியின் கை தானாகப் போய் முந்தானையை ஒதுக்கியது. அதற்கப்புறம்தான் அழுதார். பாப்பா என்னைப் பார்த்து, "அப்பா கத்துது" என்றாள். ஆமாம்டி கண்ணு, நல்லா கத்தட்டும் என்றேன்.

பின் இன்னும் உன் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. இனி யாருக்கும் அப்படியொரு பின்னை வெட்டித் தரமாட்டேன். அந்தக் காதுகுத்தை நாலு டிவிடியில் பதிந்து நாலு இடத்தில் வைத்திருக்கிறேன். பாப்பா கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டி, மேளக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதை நானே போடுவேன். ஒரு நொடி வெட்டமாட்டேன், ஒரு பாட்டு போடமாட்டேன். மண்டபம் முழுக்க நீதான் கத்துவாய்.

இப்படிக்கு,
உன் வாயை அடைத்த தங்கச்சி,
பத்மா