சாக்கடையில் விட்ட பாட்டுப் புத்தகம்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய். 15-2-1969

அன்புள்ள கிருபைக்கனிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். சின்னவளுக்குச் சளி விட்டதா?

இங்கே பம்பாய் மராத்திக்காரருக்கே என்று கிளம்பிய கும்பல் தமிழர் கடைகளை அடித்து நொறுக்கியது பேப்பரில் வந்திருக்கும். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, தோல் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் மாசிலாமணியும் நானும் திரும்பும்போது பத்துப் பேர் மறித்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை மெல்லச் சாக்கடையில் நழுவவிட்டேன். மாசிலாமணி கையிலிருந்த புத்தகத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டார்கள். "இவன் உன் ஆளா?" என்று இந்தியில் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவனுக்கு நெற்றியில் நாலு தையல், அவ்வளவுதான்.

அதன்பின் நான் கதவைத் திறக்கவில்லை. ஜெபிக்கவும் வாய் வரவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தைச் சபையார் என் அறையிலேயே வைத்துவிட்டார்கள். சாட்சி சொல்லும் முறை என்னிடம் வந்தபோது எல்லார் முன்னாலும் நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். மாசிலாமணி தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"எங்கிட்டயும் ஒன்னயக் கேட்டானுவ. தெரியாதுன்னுதாம்ல நானும் சொன்னேன். அதுக்குன்னு கதவ அடைச்சிட்டுக் கெடப்பியா? காலையில சேந்து போவோம்" என்றான். பிறகு எல்லாரும் சத்தமாகத் தமிழில் பாடினோம்.

இன்று வேலைக்குப் போனேன். வழி நெடுக அவன் என் கையை விடவில்லை.

உன் பாட்டுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பு. கையில் பிடித்துக்கொண்டே கோயிலுக்குப் போகவேண்டும். கொஞ்சம் கருப்பட்டியும் வை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. "வந்துருங்க" என்று மட்டும் எழுதாதே. எழுதினால் வந்துவிடுவேன்.

உன்,
ஏசுவடியான்