இறங்குதுறையில் சிவப்பு விளக்கு

நெடுந்தீவு
23.04.2025

அன்புள்ள தம்பி பிரதாபனுக்கு,

நீ சுகமாயிருப்பாய். நான் கோபமாயிருக்கிறேன். போனில் கத்தினால் வெட்டிவிடுவாய், அதுதான் கடிதம்.

கடல் குழம்பப்போவதை முன்கூட்டியே கண்டுபிடித்துப் படகை மறிக்கும் என்று நீங்கள் கொண்டுவந்து பூட்டின கணினி, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் காலை சிவப்பு விளக்கைப் போட்டது. பெருநாளுக்கு வந்த சனம் முழுக்க இறங்குதுறையில். நடுவில் எங்கட ஊர் ஜொய்சி, மாதம் நிறையமுன்னமே நோ வந்து, வயிற்றைப் பிடித்தபடி. "அக்கா, என்ர பிள்ளையைக் காப்பாத்துங்கோ" என்று அழுதாள். படகோட்டி பஸ்ரியாம்பிள்ளை அண்ணையிடம் கடல் எப்படியென்று கேட்டேன். "குளம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்றார். துறையில் படகு விடும் பொறுப்பு என்னுடையதுதானே, கணினியை நிறுத்திவிட்டுப் படகை விட்டேன்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். நீ வேலைசெய்கிற கந்தோரோ என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறது. தராவிட்டால் துறையில் எனக்கு வேலை இல்லையாம். அது ஏன் மறித்தது? முதலில் அதைச் சொல்லு.

கோபத்தோடு,
அக்கா யூலியட்

கொழும்பு
02.05.2025

என் அன்பு அக்காவுக்கு,

ஏசுங்கோ, கேட்டுக்கொள்கிறேன். அது தானாகப் படித்துத் தானாக முடிவெடுப்பது. கட்டின எங்களுக்கே அதன் போக்குப் பிடிபடவில்லை. பழைய பயணங்களையெல்லாம் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். படகு நடுக்கடலில் சரியவே இல்லை, துறைக்குக் கிட்டத்தான் சரிந்திருக்கிறது. எங்கட சனம்தான், அக்கா! துறை தெரிந்ததும் பையும் கையுமாக எல்லோரும் ஒரே பக்கம் எழும்பி நிற்போமே. அந்தச் சரிவைக் கடல் குழப்பமென்று எடுத்துக்கொண்டு, ஆள் கூடினால் படகு ஆடும் என்று அது படித்துவிட்டது. சீட்டு அதிகம் விற்றால் முந்திக்கொண்டு மறிக்கிறது. நானும் அப்படி எழும்பி நின்றவன்தான், கட்டும்போது நினைவே வரவில்லை.

திருத்திவிடுவேன். ஆனால் வேலை முக்கியம். மன்னிப்பென்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கோ. கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
பிரதாபன்

நெடுந்தீவு
09.05.2025

தம்பி,

கெட்டிக்காரன், கண்டுபிடித்துவிட்டாய். பிழை கடலிலும் இல்லை, என்னிலும் இல்லை. பிறகு எந்த வரியை எழுதச் சொல்கிறாய்? எழுதமாட்டேன். வேலையை எடுக்கிறதென்றால் எடுக்கட்டும். அதுவரை, கடல் சாந்தமாயிருக்க அது சிவப்பைப் போட்டால், நாளைக்கும் விடுவேன்.

படகைத் துறையில் கயிறு கட்டும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது என்று சனத்துக்கும் சொல்லிப் பார்த்தேன். "அது மட்டும் ஏலாது, பிள்ளை" என்கிறார் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. உன் கணினிதான் எங்களைப் படிக்கவேண்டும்.

மன்னிப்புக் கடிதம் ஒன்று வேண்டும்தான். அதை நீங்கள் எழுதுங்கள், ஜொய்சிக்கு. அடுத்த மாதம் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீயே கையோடு கொண்டு வா. விளக்கு எந்த நிறத்தில் எரிந்தாலும் பரவாயில்லை, உனக்குப் படகு இருக்கும்.

அக்கா