அறுத்த மோதிரம்

ஷார்ஜா, ஜூன் 2005

அன்பு ஆன்மேரி,

மாதா தயவுல நான் சுகம். மரக்காணத்துல உப்பு வாரி வாரி உனக்கு வந்த கால்வெடிப்பு ஆறிச்சா?

இங்க கேரேஜ்ல ஒரு காருக்கு முன்பக்கம் பெரிய பிரேக் மாட்டினோம். சக்கரம் உரசுமான்னு பாக்க, பிரேக் மேல சப்பாத்தி மாவு அப்பி, சக்கரத்தை மாட்டிக் கையால சுத்தினேன். மாவு நசுங்கினா இடம் பத்தலன்னு அர்த்தம். மாவுக்கு முன்னாடி என் விரல் நசுங்கிடுச்சு. எலும்புக்கு ஒண்ணுமில்ல, பயப்படாத. வீங்கிட்டதால கல்யாண மோதிரத்தை அறுத்துதான் எடுத்தாங்க. வேலையில கழட்டி வைன்னு நீ சொல்லித்தான் அனுப்பின.

அறுத்தப்போ எனக்கு ஒண்ணுமே தோணல.

லீவுல ஊருக்கு வந்திருக்கிற மேத்யூ அண்ணன் திரும்பி வரும்போது ஊறுகாயும் ரெண்டு லுங்கியும் குடுத்தனுப்பு. வேலைக்குப் போற வண்டி வந்துட்டுது. என்னை நல்லா திட்டி ஒரு லெட்டர் போடு. அதுவாவது எனக்கு உறைக்குதான்னு பாக்கறேன்.

உன் பவுல்ராஜ்