நீ தோற்ற பந்தயம்

இன்று காலை உன் ஃபிளாஸ்கைத் திறந்தேன். எத்தனை முறை கழுவியும் அதன் இஞ்சி மணம் போகவில்லை. தேநீர் நிரப்பி எடுத்துக்கொண்டு ஹந்தானைத் தேயிலை மலைக்கு ஏறி வந்திருக்கிறேன். நம் பந்தயம் முடிந்துவிட்டது. நீதான் தோற்றாய்.

நினைவிருக்கிறதா நம் தேயிலைப் புரதம்? அதன் வடிவத்தை அப்போது யாரும் பார்த்ததில்லை. வடிவம் தெரிந்த உறவுப் புரதம் ஒன்றை அச்சாக வைத்து, நம்முடையதன் மாதிரியைக் கணினியில் கட்டினோம். அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிய இரண்டின் வரிசைகளையும் மேலும் கீழுமாகப் பொருத்தியபோது நம்முடையதில் இரண்டு எழுத்துகள் குறைந்தன. அந்த இடைவெளியை எங்கே விடுவது என்பதில்தான் சண்டை.

ஸ்பிரிங் போல் சுருண்டிருக்கும் பகுதியின் நடுவில் விட்டாய் நீ. எழுத்துகள் அங்கேதான் அதிகம் பொருந்தின. "பொருந்துதில்ல, அப்புறம் என்னடி?" என்றாய். குண்டசாலை பஸ்ஸிலும் நீ அப்படித்தான். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்று வரிசையையே நகர்த்தி, தெரிந்தவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பாய். அவர்களும் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். புரதம் அப்படி விட்டுக்கொடுக்காது. சுருளில் இரண்டு எழுத்து தள்ளினால், அடுத்து வருபவை பாதிச் சுற்றுக்கு மேல் திரும்பிவிடும். உள்ளே பள்ளத்தில் வேலை பார்க்க வேண்டிய ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், உன் மாதிரியில் வெளியே திரும்பி வேடிக்கை பார்த்தது. நான் இடைவெளியைச் சுருள் முடிந்து வரும் வளைவில் விட்டேன். வளைவு சற்றுக் குட்டையானது, அவ்வளவுதான். ஹிஸ்டிடின் உள்ளே பார்த்தது.

"ஒனக்குப் புடிச்ச மாதிரி திருப்பி வச்சிருக்க" என்றாய். உண்மை வடிவம் வரும்வரை இருவர் பேச்சும் ஊகம்தான். அதனால்தான் பந்தயம் கட்டினோம். தோற்றவள் ஹந்தானை மேலே நின்று உரக்கப் பாட வேண்டும். ஆய்வுகூடத்தில் நீ ஓயாமல் முணுமுணுத்துக் கொலை செய்வாயே, அந்தப் பாட்டை. "நான் பாடினா கொழுந்து எடுக்கிறவங்க கூடையப் போட்டுட்டு ஓடிருவாங்க, பாத்துக்க" என்று நீயே சிரித்தாய்.

காய்ச்சலில் நீ போனபின் பந்தயத்தை மறக்கத்தான் பார்த்தேன். இந்த வாரம் எங்கோ தூர தேசத்தில் யாரோ நம் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டிருக்கிறார்கள். என் மாதிரியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். வளைவுதான் குட்டை. ஹிஸ்டிடின் உள்ளேதான். துள்ளி எழுந்து, நீ எப்போதும் உட்காரும் கதிரைப் பக்கம் திரும்பினேன். அந்தக் கணத்தில் வந்த சந்தோஷமும் அழுகையும் எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தோற்றவள் இல்லாததால் வென்றவளே பாடினேன். உன் சுருதியில், அதாவது சுருதியே இல்லாமல். கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து, "என்னம்மா, சொகமில்லையா?" என்று கேட்டார்.

"ஜெயிச்சிட்டேங்க்கா."

"ஜெயிச்சதுக்கா இப்படிக் கத்துறீங்க?"

மலைச்சரிவே சிரித்தது. ஒருவரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. அதிலும் நீ தோற்றாய். "இன்னொரு தடவ பாடுங்க" என்றார்கள், பாடினேன். ஃபிளாஸ்க் காலியாகிவிட்டது. இனி பஸ்ஸுக்கு இறங்க வேண்டும். பாட்டு மட்டும் வாயை விட்டுப் போகவில்லை.