திருப்பித் தராத நகல்கள்

ஜூலை 3, வியாழன்
எடை போடும் கம்ப்யூட்டர் நிரல் இன்றும் மூன்றேகாலுக்குச் செத்தது. கிடர்பூர் லாரி யார்டில் எடைமேடைக் குமாஸ்தா நான். நிரலை எழுதியது என் மகள் மதுவந்தி. அவள் கம்பெனி இங்கே ஒரு மாதம் சோதனைக்கு வைத்திருக்கிறது. நிற்காமல் ஓடினால் அவள் வேலை நிரந்தரம். வரிசையில் நின்ற ஒரு டிரைவர், "காக்கு, மெஷின் தூங்குதா, நீங்களா?" என்று கத்தினான். இவனுக்கு நான் வங்காளிச் சித்தப்பா. அணைத்துப் போட்டேன். ஓடியது. பத்தாவது தேறியவனுக்குத் தெரிந்த ஒரே இன்ஜினியரிங்.

ஜூலை 4
இனி சாகும்வரை விடுவதில்லை. மூன்று மணிக்கு நானே அணைத்துப் போடுகிறேன்; மழை நாளென்றால் நடுவில் இன்னொரு தடவையும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி
நான்காம் தேதிக்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று அறிக்கை. "தினம் மூணு மணிக்கு ஆஃப் ஆகியிருக்கேப்பா?" என்றாள் மது. "கரண்ட் கட்" என்றேன். மனைவி பத்மஜா பாயசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன், வெட்கமில்லாமல்.

ஆகஸ்ட் 11, திங்கள்
ஐயோ. சாந்த்ராகாச்சி கிடங்கிலும் அதையே வைத்தார்களாம். இரண்டு நாளில் நான்கு முறை நின்று, லாரிகள் மெயின் ரோடுவரை. கிடர்பூர் அறிக்கையை மதுவே திருத்தியிருப்பாளோ என்று அவள் மேலாளர் சௌமிக் கேட்டிருக்கிறார். என் பெண்ணையா! "கிடர்பூர்ல ஓடினது அங்க ஏன் நிக்குது? எதைத் தேடறதுன்னே தெரியலைப்பா" என்றாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன மனுஷன்?

ஆகஸ்ட் 12
காலை இட்லித் தட்டின் முன்னால் சொல்லிவிட்டேன். வெறித்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு மணி நேர வேலைப்பா."
பிறகு கேட்டாள்: "என்னிக்கெல்லாம் சீக்கிரம் நிக்கும்?"
மழை நாளில், என்றேன். மேடைக் கோடு தெரியாமல் டிரைவர்கள் டயரை வெளியே விட்டுவிடுவான்கள். 'சரியில்லை, சரியில்லை' என்று மெஷின் காட்டிக்கொண்டே இருக்கும்.
எழுந்தேவிட்டாள்! "எங்க ஆபீஸ் சோதனையில டயர் ஒருநாளும் வெளிய நின்னதில்லையே!"
அவள் சொன்னதில் எனக்கு ஏறியது இது: அவள் நிரல் எழுதும் மொழியான ஜாவா தன் குப்பையைத் தானே பெருக்கிக்கொள்ளும். எடைக்கருவியோடு பேசுவது சி என்ற வேறு மொழியில் எழுதிய பழைய நிரல். ஜாவாவின் எழுத்து அதற்குப் புரியாது. ஒவ்வொரு தடவையும் எடைச்சீட்டை மாற்றி நகலெடுத்துக் கொடுக்கிறாள். வேலை முடிந்ததும் அந்த நகலை விடுவிக்க வேண்டியது அவள் பொறுப்பு. எடை விழுந்தால் விடுவித்தாள். 'சரியில்லை' என்று பாதியில் திரும்பும் வழியில் மறந்துவிட்டாள். டயர் நகரும்வரை நிரல் வினாடிக்கு நூறு தடவை கேட்குமாம், நூறும் நூறு நகல். நினைவகம் ரொம்பி வழிந்துவிட்டது. நான் அணைத்தபோதெல்லாம் சாட்சியையும் சேர்த்துத் துடைத்திருக்கிறேன்!

ஆகஸ்ட் 13
அவள் ஆபீஸுக்குப் போய் நானே ஒப்புக்கொண்டேன். சௌமிக் பழைய அறிக்கையை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "காக்கு, உங்களை வேலைக்கு வைத்திருந்தால் எங்கள் கம்பெனியில் பிழையே இருக்காது" என்றார் கடைசியில். சிரிக்கவில்லை. மதுவை நீக்கவில்லை; நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. மறந்த இடத்தை மது திருத்திவிட்டாள்; கிடர்பூரில் மறுபடி முதலிலிருந்து சோதனை.

ஆகஸ்ட் 28, வியாழன்
அடைமழை. பதினைந்து நாள் ஓடியது இன்று நின்றுவிட்டது. மதுவுக்குப் போன் செய்தேன்.
"தொட்டீங்களாப்பா?"
"தொடலைடி."
"அப்படியே இருக்கட்டும். வரேன்."
டாலிகஞ்ச் ஆபீஸிலிருந்து அவள் வந்து சேர ஒன்றரை மணி நேரம். பதினெட்டு லாரி ஹாரன் அடித்தது. யாரும் மெஷினை அணைத்துவிடாதபடி அறையைப் பூட்டிக்கொண்டு யார்டு வாசலில் போய் நின்றேன். ஹிந்தியிலும் வங்காளியிலும் கிடைத்த வசவையெல்லாம் நனைந்துகொண்டே வாங்கிக்கொண்டேன்.