டார்ச் முகத்தில் உரிக்காத தாள்

லம்பாசா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சைமோனேவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீ நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த ‘அங்கே’ எந்த இடம் என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டதால் அதை முதலில் கேட்டுக்கொள்கிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி. இங்கே மூன்று வாரமாக மழை விடவில்லை, மரவள்ளி பாதி அழுகிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, சர்ச்சுக்குப் புதுத் தகரம் போட்டதும் பழைய தகரத்தைக் காணவில்லை, அதை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் பெயரை எழுத மாட்டேன், ஏனென்றால் கடிதத்தை வழியில் யாராவது பிரித்துப் படிக்கலாம். போனில் பேசினால் என்ன என்று நீ கேட்பாய். போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுகிறாய். காகிதத்தில் சிரிக்க முடியாது.

போன மாதம் நீ போனில் கேட்டாயே, ‘அப்பா, காவல் வேலைக்கு எந்த டார்ச் நல்லது, எப்பவும் பாக்கெட்லயே வெச்சுக்கிற மாதிரி வேணும், நீங்களா இருந்தா எதை வாங்குவீங்க’ என்று. இருபத்தெட்டு வருஷம் சிமெண்ட் கிடங்கில் காவல் நின்றவனிடம் கேட்டது சரிதான். ஆனால் ஆறு மாதமாக ஆஸ்திரேலியாவில் அந்த இறைச்சித் தொழிற்சாலை கேட்டில் நிற்பதாகச் சொல்கிறவன், டார்ச் எது நல்லது என்று ஏழாவது மாதத்திலா கேட்பான்? முதல் வாரமே கேட்டிருக்க வேண்டாமா? அன்றைக்கே எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்வது தகப்பன் கடமை, அதனால் அன்று போனில் அவசரமாகச் சொன்னதையே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே. ஐயாயிரம் பத்தாயிரம் என்று வெளிச்சத்தின் அளவைப் பெரிதாக அச்சடித்திருப்பான், அது போட்ட முதல் நிமிஷத்து வெளிச்சம். இரண்டாவது நிமிஷம் சூடு ஏறி அதுவே மங்கிவிடும், கடைக்காரன் அதற்குள் உன்னை வாசலுக்கு அனுப்பியிருப்பான். எவ்வளவு நேரம் ஒரே மாதிரி எரியும் என்று கேள், பதில் தெரியாமல் விழித்தால் அடுத்த கடைக்குப் போ. ரொம்பப் பிரகாசமும் ஆகாது. கார் கண்ணாடியில் அடித்தால் அது திரும்பி உன் கண்ணிலேயே விழும், உள்ளே இருப்பவன் உன்னைப் பார்ப்பான், நீ அவனைப் பார்க்க மாட்டாய். சுவிட்ச் பின்பக்கம், கட்டை விரலுக்குத் தோதாக இருக்க வேண்டும், கையுறை போட்டாலும் ஒரே அழுத்தில் முழு வெளிச்சம் வர வேண்டும். நாலு முறை அழுத்தினால் கிறிஸ்துமஸ் விளக்கு மாதிரி மின்னுகிற டார்ச்சை எவன் கொடுத்தாலும் வாங்காதே. முகப்பு பட்டை பட்டையாக இருந்தால் உருண்டு ஓடாது. சார்ஜ் போடுகிற பேட்டரியோடு, அவசரத்துக்குச் சாதாரண பேட்டரியும் ஏற்கிறதா பார். பாக்கெட்டில் வைக்கும்போது பின் மூடியைக் கால் திருகு தளர்த்தி வை, இல்லாவிட்டால் தானாக எரிந்து தொடையைச் சுடும், உன் அம்மாவைக் கேட்டால் என் காக்கி கால்சட்டை பற்றிச் சொல்வாள். தடி மாதிரி நீளமான டார்ச் வேண்டவே வேண்டாம். கையில் தடி இருந்தால் ஒருநாள் அடிக்கத் தோன்றும், பிறகு திருடன் வீட்டுக்குப் போவான், நீ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாய். கடைசியாக, காவல்காரனிடம் எப்போதும் இரண்டு டார்ச் இருக்க வேண்டும். இடுப்பில் ஒன்று, பாக்கெட்டில் சின்னதாக ஒன்று. இடுப்பில் இருப்பது கம்பெனி கொடுத்தது, பாக்கெட்டில் இருப்பது நீ நம்புவது, இதை உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

கடைசி என்று எழுதிவிட்டேன், ஆனால் மிக முக்கியமானது விட்டுப்போயிற்று. டார்ச்சை இடது கையில்தான் பிடிக்க வேண்டும். வலது கை பூட்டுக்கும் பேனாவுக்கும் சும்மா இருக்க வேண்டும். அதையும் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்காமல், உடம்பை விட்டு ஒதுக்கித் தோள் உயரத்தில் பிடிக்க வேண்டும். கல் எறிகிறவன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எறிவான். எனக்கு முன்பல் போனது எப்படி என்று உனக்குத் தெரியும். பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது, கிடங்குக்குள் மூட்டைகளுக்கு நடுவே கும்மிருட்டு, புது வேலைக்காரன் நான், முகத்துக்கு நேரே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ‘யாரு அங்க’ என்று கேட்டேன். பதில் கல்லாக வந்தது. இதை நீ சின்ன வயதில் நூறு முறை கேட்டிருக்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் அம்மா போனுக்கு உன் படம் ஒன்று வந்தது. நீ சீருடையில், கையில் ஒரு சின்ன டார்ச்சோடு சிரிக்கிறாய். அம்மா முத்தம் கொடுத்தாள். நான் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டார்ச் உன் வலது கையில் இருக்கிறது. நூறு முறை கேட்ட மகன் வலது கையில் பிடிப்பானா? அதன் கண்ணாடி முகத்தில் கடையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு பளபளக்கிறது. அந்தத் தாளோடு ஒரு நாளாவது காவல் பார்த்தவன் உலகத்தில் உண்டா? உனக்குப் பின்னால் ஒரு போர்டு. அதில் இருப்பது ஆங்கிலம் இல்லை. நான் கண்ணாடி போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன், அது ரஷ்ய எழுத்தோ என்னவோ, ஒரு சொல்லும் படிக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் எந்த இறைச்சித் தொழிற்சாலையில் அப்படி எழுதியிருக்கும்? அன்று சாயங்காலம் நானே போன் செய்து ‘கையில என்னடா டார்ச்’ என்று கேட்டால், ‘அது சும்மாப்பா, ஷிப்டுக்கு நேரமாச்சு’ என்று வைத்துவிட்டாய். சும்மா என்று சொல்கிறவன் கையில் சும்மா இருந்ததே இல்லை, இது கிடங்கு வாசலில் நான் கற்றது.

யோசித்துப் பார். நீ ஒப்பந்தத்தில் போனது மாட்டிறைச்சி வெட்ட. வெட்டப் போனவனைக் கேட்டில் நிறுத்துவார்களா? ஒப்பந்தத்தை விட்டு வேறு முதலாளியிடம் போனவனுக்கு ஒரே பெயர்தான், ஓடிப்போனவன். போன சனிக்கிழமை சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கிற பெண்கள், இந்தப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் அங்கே ஓடிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஊர் பெயர் கேட்டேன், சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். நம் ஊரிலிருந்து அடுத்த வருஷம் எட்டுப் பேர் அங்கே வேலைக்குப் போக இருக்கிறார்கள். ஒருவன் ஓடினால் அந்த ஊரையே ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து அந்த எட்டு வீட்டிலும் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. நெமானியிடம் கேட்கலாம் என்றாள் அம்மா. நெமானி என் தங்கை மகன்தான், உன்னோடுதான் வேலை செய்கிறான், ஆனால் சின்ன வயதில் நீ உடைத்த ஜன்னலுக்கெல்லாம் அவன்தான் பொய் சாட்சி சொன்னான்.

அதனால் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். செய்தி வேறு வாயால் வருவதற்கு முன்னால் நானே போய்விடுவது மேல் என்று, சந்தையிலிருந்து வந்த அன்றே, மன்னிப்புக்கு முன்வைக்க வீட்டிலிருந்த திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு ஊர்த் தலைவர் ஓரிசி வீட்டுக்குப் போனேன். பாயில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, இரண்டு கையிலும் பல்லை ஏந்தி, என் மகன் செய்ததற்காக ஊரிடம் சோரோ கேட்கிறேன், அந்த எட்டுப் பிள்ளைகளின் வழியை இவன் அடைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு ஓரிசி பல்லை வாங்கிக்கொண்டார். கூடியிருந்த பெரியவர்கள் எல்லோரும் கையைக் குவித்து மூன்று முறை தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சோரோ ஏற்றுக்கொண்டால் அதன்பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, உனக்குத் தெரியும். அது எந்தப் பல் என்பதும் உனக்குத் தெரியும். நம் வீட்டில் இருந்தது ஒன்றுதான். உனக்கு அசினாதேயைப் பெண் கேட்கப் போகும்போது அவள் வீட்டார் முன் வைப்பதற்காக வைத்திருந்தது. அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை மட்டும் சத்தமாக வைக்கிறாள்.

சைமோனே, நீ எங்கே இருந்தாலும் உண்மையை எழுது. ஓடியிருந்தாலும் நீ என் மகன்தான். அடிக்க மாட்டேன், அடிக்கிற தூரத்திலும் நீ இல்லை. ஆனால் வேலை இல்லாமல், காகிதம் இல்லாமல், எவன் வீட்டிலோ ஒளிந்துகொண்டு, எங்களுக்காகச் சீருடையை இரவல் வாங்கிப் படம் எடுத்து அனுப்புகிறாயோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை

செவ்வாய் எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை. நல்லவேளை என்று சொல்வதா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்று மத்தியானம் நாங்கள் மீன் டின்னைத் திறந்துகொண்டிருந்தபோது நெமானி வாசலில் வந்து நிற்கிறான். லீவில் வந்தானாம். உட்காருவதற்கு முன்னாலேயே உன்னைப் பற்றி மூன்று கேள்வி கேட்டேன், ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாக இரண்டு முறை கேட்டேன், பதில் மாறவில்லை. ‘அவன்தான் மாமா கேட்ல நிக்கிறான், அதே கம்பெனிதான். ஆள் பெருசு, குடிக்கிறதில்ல, மேனேஜரே கூப்பிட்டு கேட்ல நிக்கிறியான்னு கேட்டாரு. தினமும் என் சாப்பாட்டுப் பையவே திறந்து பார்க்கிறான், படுபாவி. சொந்தக்காரன்னு விடுறானா? அடியில என்னடா இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பார்க்கிறான். ஒங்கள அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்’ என்றான். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

நான் விடவில்லை. படத்தை நீட்டி, வலது கைக்கு என்ன சொல்கிறாய் என்றேன். அவன் பார்த்துவிட்டுப் பாயில் விழுந்து சிரித்தான். ‘ஐயோ மாமா, தன்னைத்தானே படம் எடுத்தா இந்த போன்ல இடம் வலமா மாறித் தெரியும். இடது கையிலதான் புடிச்சிருக்கான். அந்த போர்டக் கண்ணாடி முன்னாடி காட்டிப் பாருங்க’ என்றான். அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்து வந்து காட்டினேன். ‘வாகனங்கள் நிற்கவும்’ என்று நல்ல ஆங்கிலத்தில் இருந்தது.

அந்தத் தாளுக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான். உள்ளே அதே டார்ச். பின்பக்கம் சுவிட்ச். பட்டை பட்டையான முகப்பு. சாதாரண பேட்டரியும் போடலாம். முகத்தில் அந்தத் தாள், ஓரத்தில் தூக்கிக்கொண்டு, அப்படியே. உன் கையெழுத்தில் ஒரு சீட்டு, ‘அப்பாவுக்கு. இது பாக்கெட்டில் வைக்க, நம்புவதற்கு.’ என் பழைய டார்ச்சை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பதை நீ போன வருஷம் பார்த்தது எனக்கு நினைவில்லை. உனக்கு இருந்திருக்கிறது.

இன்று காலை ஓரிசியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த யங்கோனாக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும். ‘பல்லத் திருப்பிக் குடுத்தா மன்னிப்பையும் திருப்பி வாங்கின மாதிரி ஆயிடுமேப்பா. ஊரு மன்னிச்சது மன்னிச்சதுதான். பையன் இன்னும் தப்பு பண்ணலைன்னா என்ன, மன்னிப்பு கைவசம் இருக்கட்டும்’ என்கிறார். ஆக, இந்த ஊரில் செய்யாத தப்புக்கு மன்னிக்கப்பட்டவன் நீ ஒருவன்தான். அதை நம்பி எதையும் செய்துவிடாதே. இனி வேறு பல்லுக்கு உன் தாய்மாமனிடம்தான் போய்க் கேட்க வேண்டும். நம் வழக்கப்படி கேட்டால் அவர் இல்லை என்று சொல்ல மாட்டார், ஆனால் இருந்தது எங்கே போயிற்று என்று கேட்பார், நான் சொல்லியாக வேண்டும், அதுதான் எனக்குத் தண்டனை.

செவ்வாய்க்கிழமை எழுதியதைக் கிழித்துப் போடுங்கள் என்றாள் அம்மா. மாட்டேன். செய்த தப்பைச் சொல்லாமல் சோரோ கேட்க முடியாது, என் தப்பு முழுவதும் மேலே எழுதியிருக்கிறது. தகப்பன் மகனிடம் சோரோ கேட்பதை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. நான் கேட்கிறேன். உன்னை ஊர் முன்னால் ஓடிப்போனவன் ஆக்கினேன், பொறுத்துக்கொள். கையில் ஏந்துவதற்குப் பல் இல்லை. டார்ச் முகத்திலிருந்த அந்தத் தாளை இன்று உரித்துவிட்டேன், அதை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஏற்றுக்கொண்டால் போன் செய். பேச வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், கையைக் குவித்து மூன்று முறை தட்டு. எனக்குப் புரிந்துவிடும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நெமானியின் பையை நன்றாகப் பார், அடியிலும் பார்.

உன் அப்பா,
இலைசா

இதை எழுதும்போது டார்ச் என் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறது. பின் மூடியைக் கால் திருகு தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.