வரைபடத்தில் மட்டும் இருந்த அறை

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக மேலே வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. வாரம் ஒருமுறை சாமான் ஏற்றிவரும் கழுதைக்காரர்தான் எங்கள் தபால்காரர். அதனால் நீ அரைமணிக்கு ஒருதரம் போன் போட்டு "சாப்பிட்டியா" என்று கேட்க முடியாது. சாப்பிட்டேன் என்று மொத்தமாக இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குகை வாசல் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. உள்ளே போனால் நம் பட்டறையைப் போல நாலு பட்டறை கட்டலாம். போரில் தோற்ற படைத்தலைவன் ஒருவன் கஜானாப் பெட்டிகளோடு இந்த மலையில் ஏறினானாம். ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு, இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. மலையடிவாரத்தில் விடுதி வைத்திருப்பவர்தான் இந்த வேலைக்குச் செலவு செய்கிறார். அவருக்குப் பெட்டிகள் வேண்டும். எங்கள் நிறுவனத்துக்குக் குகையின் வரைபடம் போதும். அந்த வரைபடத்தின் அடியில் 'அளவைப் பொறுப்பு' என்ற இடத்தில் இந்த முறை என் பெயர் வரும். முதல் முறை, அம்மா.

என்னோடு அளக்க வந்திருப்பவரைத் தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். தலைக்கவசத்தில் விளக்கைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் முதல் நாளே உடைந்தது. போன வருடமும் உடைந்தது என்று நான் புலம்பியதைக் கேட்டு நீ செய்து கொடுத்தாயே, அந்த இரும்புக் கிளாம்பை மாட்டிக்கொண்டேன். தாடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல லாரியே தொங்கும் போலிருக்கே, எங்க வாங்கின?" என்றார். "வாங்கல, எங்கம்மா செஞ்சது" என்றேன். அப்படிச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் வாலு

பிப்ரவரி 17

என் மலையேறி மகளுக்கு,

நான் நலம். லேத்தும் நலம், பெல்ட் மட்டும் அவ்வப்போது முனகுகிறது. மொத்தமாகச் சாப்பிட்டேன் என்று எழுதினால் விட்டுவிடுவேனா? என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் பெயர் வரைபடத்தில் வரப்போகிற சேதி தெருவில் இருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். எதிர்ப்பட்டறைக்காரர் இருக்கிறாரே, நீ இந்தப் படிப்புக்குப் போனபோது "பொம்பளப் புள்ளைய பொந்துக்குள்ள அனுப்பப் போறியா" என்று கேட்டவர். அவரிடம் நானே போய்ச் சொன்னேன். "பேரு மட்டுமா, புதையலும் வருமா?" என்றார். வந்தால் உங்களுக்குப் பங்கு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படைத்தலைவன் சரியான மடையனாக இருக்க வேண்டும். கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு எவனாவது மேட்டில் ஏறுவானா?

கிளாம்ப் ஸ்க்ரூவை வாரம் ஒருமுறை இறுக்கு. மறந்துவிடாதே.

அம்மா

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

பருப்பு, ரொட்டி, கழுதைக்காரர் கொண்டுவந்த முட்டை. போதுமா? இப்போது உட்கார்ந்து படி.

குகை உள்ளே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஓடை ஓடுகிற பாதை. இன்னொன்று தவழ்ந்தே போக வேண்டிய சந்து, அதற்கு எலிவளை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து திசைகாட்டியில் பார்த்து, திசை ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்பதுதான் முறை. விடுதிக்காரர் அவசரப்படுத்தினார். அதனால் ஆளுக்கொரு வழியாகப் பிரித்துக்கொண்டோம். ஓடையைத் தாடி அளந்தார், எலிவளையை நான் தனியாக அளந்தேன்.

முந்தாநாள் இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தோம். என் வழி ஒரு சுவரில் போய் முடிகிறது. அந்தச் சுவருக்கும் ஓடைப் பாதைக்கும் நடுவே பெரிய வெற்றிடம், அம்மா. நம் தெருவே அடங்கும் அளவு. இரண்டு வழிக்கும் நடுவில் யாரும் பார்க்காத ஒரு அறை.

விடுதிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தவழ்ந்து வந்து சுவரைத் தட்டி, "டொம்முனு கேக்குது பாருங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. கல் உடைக்கிற ஆட்களையும் மிஷினையும் கொண்டுவரக் கீழே இறங்கியிருக்கிறார்.

புதையல் கதையை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் அந்த அறையைக் காகிதத்தில் முதலில் பார்த்தது நான்தான். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

உன் வாலு

மார்ச் 10

என் தங்கத்துக்கு,

கடிதத்தை டீக்கடையில் நின்று சத்தமாகப் படித்தேன். இரண்டாவது முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், படித்தேன். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை, நானே படித்தேன். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதிர்ப்பட்டறைக்காரர் இரண்டு டீ குடித்தார்.

பெட்டி கிடைக்கிறதோ இல்லையோ, எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கல்லுக்குள்ளே ஒரு அறை இருக்கிறது என்று என் மகள் வெளியிலிருந்தே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள். அதற்குத்தான் என் கால் தரையில் நிற்கவில்லை.

உடைக்கும்போது நீ தள்ளி நில். முன்னால் நிற்காதே.

அம்மா

மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை டீக்கடையில் படிக்காதே.

அறை கிடையாது.

மிஷின் வந்து இறங்கியாயிற்று. கல் உடைக்கிற ஐந்து பேரும் எலிவளைக்குள் வந்துவிட்டார்கள். எந்தப் பக்கம் உடைப்பது என்று விடுதிக்காரர் கேட்டார். தலைக்கவசத்தின் வார் அறுந்திருந்ததால் அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, திசைகாட்டியை எடுத்து ஒருமுறை பார்த்தேன். நான் முன்பு எழுதிய எண் வரவில்லை. கவசத்தை மாட்டிக்கொண்டு பார்த்தேன், பழைய எண் வந்தது. கழற்றினேன், மறுபடி மாறியது.

திசைகாட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்துத்தான் பார்ப்போம். கண்ணுக்கு நாலு விரல் மேலே நெற்றியில் உன் கிளாம்ப். ஊசி வடக்கைப் பார்க்காமல் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. என் வழி முழுவதும் தப்பாகத் திரும்பி, தாடி அளந்த வழி சரியாக நின்று, நடுவே இல்லாத அறை ஒன்று உண்டாகிவிட்டது. சரியான எண்ணை வைத்துப் பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது தாடி அளந்த ஓடையின் குளம். அதன் நீர்மட்டம் எலிவளையைவிட உயரம். உடைத்திருந்தால் உள்ளே இருந்த ஒருவரும் வெளியே வந்திருக்க முடியாது.

நிறுத்துங்கள் என்றேன். விடுதிக்காரர் கேட்கவில்லை. "நேத்து வரைக்கும் நீதானே அறை இருக்குன்னே? படிச்ச பொண்ணுன்னு நம்பினேன் பாரு" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மிஷினைப் போடச் சொன்னார். நான் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். தள்ளி நில் என்று நீ எழுதியிருந்தாய், மன்னித்துக்கொள். தாடி குகை வாசலுக்கு ஓடி, அவருடைய திசைகாட்டியோடு வந்து அளந்து காட்டிய பிறகுதான் அந்த ஐந்து பேரில் மிஷின் பிடித்திருந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏப்ரல் முதல் திங்கள். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர் இனி இருக்குமா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அறிக்கையில் 'அளந்தவரின் கவனக்குறைவு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கிளாம்பைப் பற்றி மூச்சு விடவில்லை, தாடியையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அது நம் வீட்டு விஷயம், நமக்குள் இருக்கட்டும்.

உன் வாலு

மார்ச் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

கழுதைக்காரர் இன்று வெறுங்கையோடு வந்தார். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை என்றதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோபமா? வருத்தமா? உன் கையால் செய்ததைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பார்க்காமல் மாட்டியது நான். இரண்டு வரி போதும், எழுது.

உன் வாலு

மார்ச் 28

என் மகளுக்கு,

கடிதம் வந்த அன்று லேத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. என் கை செய்த பொருள் ஐந்து குடும்பத்தை அழவைத்திருக்கும். விடுதிக்காரர், தாடி, உன்னையும் சேர்த்தால் எட்டு. அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடம் ஒரு காம்பஸ் இரவல் வாங்கினேன். பட்டறையில் இருக்கிற துண்டு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரும்புக்கு ஊசி சாமி வந்ததுபோல ஆடுகிறது. பித்தளைக்கு அசையவில்லை. பித்தளைக் கம்பி தேடி நாலு கடை ஏறி இறங்கி, புதிதாக ஒன்று செய்து, ஸ்க்ரூவும் பித்தளையிலேயே போட்டு, காம்பஸ் மேலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். பார்சலில் வருகிறது. நீயும் ஒருமுறை வைத்துப் பார், என் வார்த்தையை நம்பாதே.

டீக்கடையில் படிக்காதே என்று எழுதியிருந்தாய். படித்தேன். எதிர்ப்பட்டறைக்காரர் "என்னம்மா, பெட்டி எப்ப இறங்குது?" என்று கேட்டார், வேறென்ன செய்ய? "பெட்டியும் இல்ல, அறையும் இல்ல. என் கிளாம்ப் காம்பஸைக் கெடுத்துடுச்சு. அதை என் பொண்ணே கண்டுபிடிச்சு, சுவர்ல சாஞ்சு உட்கார்ந்து வேலையை நிறுத்திட்டா" என்றேன். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மிஷின் ஓடப் போறப்பவா சுவர்ல சாஞ்சு உட்கார்ந்துச்சு?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அன்றைக்கு என் டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். அந்த மனிதர் இந்தத் தெருவுக்கு வந்த நாளாக யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

அறை கிடைத்தது என்று நீ எழுதியபோது எனக்கு வந்த பெருமை ஒன்றுமே இல்லை. எல்லோரும் இருக்கிறது என்று ஆடிக்கொண்டிருக்கும்போது, நான் சொன்னது தப்பு என்று நீயே சொன்னாயே, அதற்கு வந்ததுதான் பெருமை. இதை நேரில் சொன்னால் நீ கிண்டல் செய்வாய், அதனால் எழுதிவிட்டேன்.

இப்போது திட்டப் போகிறேன், வாங்கிக்கொள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது உனக்கு யார் சொல்லிக் கொடுத்த வழக்கம்? என் பட்டறையிலிருந்து போன பம்ப் தண்டு விரிசல் விட்டுத் திரும்பி வந்தபோது, என்னுடையது இல்லை என்று சொன்னேனா? வாசலில் நின்று, கூட்டம் பார்க்கப் பார்க்க வாங்கிக்கொண்டேன். 'கவனக்குறைவு' என்று எழுதி வைத்தால் நாளைக்கு வேறொரு குகையில் வேறொருத்தி எதைக் கழற்றிப் பார்ப்பாள்? அவளுக்கும் இரும்பில் செய்து கொடுக்க ஒரு அம்மாவோ அண்ணனோ இருப்பார்கள்.

விசாரணைக்குப் போகும்போது தலை நிமிர்ந்து போ. பெயரை எடுத்தால் எடுக்கட்டும், அடுத்த வரைபடத்தில் திரும்ப வாங்கலாம். ஆனால் அறிக்கையைத் திருத்தி எழுதாமல் உள்ளே போகாதே. நீ தடுமாறுவாய் என்று வாசகத்தையும் நானே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து மாறக் கூடாது:

'பிழைக்குக் காரணம், தலைக்கவசத்தில் இருந்த இரும்புக் கிளாம்ப். பிழையைக் கண்டுபிடித்தவர், அளந்தவரே. கிளாம்பைச் செய்தவர், அளந்தவரின் அம்மா.'

பெருமையோடு,
அம்மா